மலைக்குடியில் நான் கொடுத்த வாய்

மகனே,

உறை கனமாக இருக்கிறதே என்று பதறாதே. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கடையும் வழக்கம்போலத் திறந்துதான் இருக்கிறது. எனக்கு இருப்பதெல்லாம் பயம். நேற்றுப் பகல் பஸ்ஸில் உன் கடிதம் வந்ததிலிருந்து உப்புக் கேட்டவருக்குச் சீனியை நிறுத்துக் கொடுக்கிறேன். மலைக் கணவாய் ஏறி இந்த மெட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்க்கிறேன். கடைசியில் உன் அம்மாதான், "எழுதித் தொலைங்க, இல்லாட்டி உங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்" என்று பேனாவையும் தாளையும் கொண்டுவந்து கல்லாப் பெட்டிமேல் வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அல்லது உனக்கும் தெரியுமோ என்னவோ, அதுவும் என் பயங்களில் ஒன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ எழுதியிருந்ததை நாலைந்து முறை படித்தேன். மலைமேல் முதுவக்குடியைச் சேர்ந்த கண்ணனுக்காக நீ போட்ட அப்பீல் ஜெயித்துவிட்டது, எல்லைக் கல் தப்பாக நடப்பட்டது என்று மேல்கோர்ட் ஒப்புக்கொண்டு, அவனுடைய ஏலக்காட்டை எஸ்டேட் முதலாளிக்குக் கொடுத்த பழைய தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. படித்ததும் அம்மா அழுதாள். உத்தரவை எடுத்துக்கொண்டு நீயே மலை ஏறிக் குடிக்குப் போனாய். குடித் தலைவர் மூப்பர் உன்னை உட்கார வைத்துத் தேன் கொடுத்து, நீ படித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க ஏற்கெனவே ஒரு வாய் நிக்குது. அது போனாத்தான் இது வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைவிட உனக்கு எரிச்சல், கண்ணனே, தன் பக்கம் தீர்ப்பாகியும், அந்தக் காட்டில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டான். அடுத்த வாரம் கோர்ட் ஆமீனையும் போலீசையும் கூட்டிக்கொண்டு போய் அவனை அங்கே குடியேற்றப் போகிறேன், கோர்ட் உத்தரவுக்குக் குடியின் சம்மதம் எதற்கு என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் ஒரு கேள்வி. "அத்தா, நீங்கள் அவர்களோடு முப்பது வருஷம் பழகியவர். வாய் என்றால் என்ன? யாருடைய வாய் அங்கே நிற்கிறது?"

என்னுடையது.

இந்த ஒரு சொல்லை எழுத ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

நான் முதலமடைப் பக்கத்துக்காரன், வறண்ட காட்டில் பிறந்தவன். கல்யாணமான பிறகு உன் அம்மாவின் மாமா வைத்திருந்த இந்த மெட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தேன். என் பேச்சைக் கேட்டு இங்கே எல்லாரும் சிரிப்பார்கள், உன் அம்மா இன்றும் சிரிக்கிறாள். குடி ஆட்கள் மட்டும் சிரித்ததில்லை. உப்புக்கும் புகையிலைக்கும் வருவார்கள், தேனும் ஏலமும் கொண்டுவருவார்கள், பேசிப் பேசி அவர்கள் பேச்சு எனக்குப் பிடிபட்டது. மெட்டின் மலையாளப் பக்கம், கீழே முன்சீப் கோர்ட்டில் மலையாளமும் இங்கிலீஷும்தான். குடிக்காரர் யாராவது கூண்டில் ஏறினால் என்னைக் கூப்பிட்டு மொழி சொல்லச் சொல்வார்கள். அப்படித்தான் நான் அங்கும் இங்கும் போய்வருகிற ஆளானேன். குடியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிக் கோர்ட்டின் தீர்ப்பைத் தாளில் கொண்டுபோய் நீட்டினால் வாங்கமாட்டார்கள். அவமரியாதைக்காக அல்ல. "கடுதாசிகிட்டக் கேள்வி கேட்டாப் பதில் சொல்லுமா?" என்பார் மூப்பர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவன், கூட்டத்தின் நடுவில் நின்று, தீர்ப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் வாய் கொடுப்பது. அவனிடம் நாலு கேள்வி கேட்பார்கள். எங்க ஆளைக் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டது அவன் காதுல விழுந்துச்சா? அவன் பேசினதை அவங்க கேட்டாங்களா? இதையெல்லாம் நீ பாத்தியா? நாலுக்கும் ஆமாம் என்றால், அந்த நிமிஷத்திலிருந்து அது கோர்ட்டின் தீர்ப்பல்ல, குடியின் தீர்ப்பு. போலீஸ் வரவேண்டியதில்லை. அவர்களே நிறைவேற்றிவிடுவார்கள். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், மரியாதையாகக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு காட்டுக் கேஸ் வந்தது. குடிப் பையன் ஒருவன் மரம் வெட்டினான் என்று தண்டனை போட்டுவிட்டார்கள். நான் அன்றைக்குக் கோர்ட்டில் சும்மா பார்வையாளனாக நின்றிருந்தேன். அவனிடம் கேட்டதெல்லாம் மலையாளத்தில், அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். குடியில் என்னைக் கேட்டபோது, முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன், மூன்றாவதுக்கு, "அவன் பேசவே இல்லீங்க. கேட்டது அவனுக்குப் புரியவும் இல்லீங்க" என்றேன். மூப்பர் அதை அப்படியே திருப்பி அனுப்பினார். மாஜிஸ்திரேட்டு நல்ல மனிதர், கோபப்படாமல் கேஸைத் திரும்ப எடுத்து, என்னை மொழி சொல்ல வைத்து விசாரித்தார். பையன் விடுதலையானான். அன்று கடைக்குத் திரும்பி உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமை பேசினேன். "அத்தா, நீங்க ஜட்ஜா?" என்று கேட்டாய். "ஜட்ஜுக்கும் மேலடா" என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "மேலேதான், மெட்டு உசரத்துல" என்று கிண்டல் செய்தாள். நீ வக்கீலானதற்கு அந்த நாள்தான் காரணம் என்று பலபேரிடம் சொல்லியிருக்கிறாய். நீ சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். கவனித்திருக்கிறாயா?

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆனி மழை அடைத்துக்கொண்டு பெய்த சமயம். எஸ்டேட் முதலாளி கண்ணன்மேல் கேஸ் போட்டிருந்தார். சம்மனை எடுத்துக்கொண்டு ஆமீன் வந்தார். கடை வாசலில் நின்று காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே மலையைப் பார்த்தார். மேலே மூன்று மணி நேர நடை, வழியில் ஆனை. "ராவுத்தரே, இனி மேலோட்டு நம்மால ஆவாது. நாளைக்கு நீங்க குடுத்துருங்க. அவன் வீட்டுக் கதவுல ஒட்டினதாட்டு நான் எழுதியேக்காம், சாட்சிக்கு ஒரு ஒப்பு மட்டும் போடுங்க" என்றார். ஊரில் இதெல்லாம் நடக்கிறதுதான். அவருக்கு நான் செய்கிற சின்ன உபகாரம் என்று நினைத்தேன். மறுநாள் எப்படியும் போகப்போகிறேனே. கையெழுத்துப் போட்டேன். சம்மனைத் தேயிலைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், நனையாமல் இருக்கட்டும் என்று.

அன்று சாயங்காலம், காலேஜ் லீவுக்கு வந்திருந்த உனக்குக் காய்ச்சல் கண்டது. விஷக் காய்ச்சல் என்று சொல்லி உன்னைப் போடிக்கு லாரியில் கொண்டுபோனோம். இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான், பிள்ளை உயிருக்குப் போராடினான், சம்மன் மறந்துபோயிற்று என்று. நீ இதை நம்பிவிடாதே. பதினோராம் நாள் உனக்குக் காய்ச்சல் விட்டது, மறுநாள் நான் கடைக்கு வந்துவிட்டேன். கோர்ட் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தேயிலைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், சம்மன் இருந்தது. ஏறியிருக்கலாம். ஏறவில்லை. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால், ஒட்டியதாகப் போட்ட கையெழுத்துப் பொய் என்று வெளியே வந்துவிடுமே, ஆமீனுக்கு வேலை போகுமே, எனக்கு ஜெயில் கிடைக்குமே என்று பெட்டியை மறுபடி அதன்மேலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாளையும் கழித்தேன். தேதியன்று, நான் ஓரமாக நின்று பார்க்க, கண்ணனைக் கோர்ட் வாசலில் மூன்று முறை கூப்பிட்டார்கள். அவன் அந்த நேரம் தன் ஏலக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். வராததால் ஒருதலைத் தீர்ப்பு.

பதினைந்து நாளில் ஆமீன் திரும்ப வந்தார், கூடவே எஸ்டேட் முதலாளியும் ஜீப்பில் வந்தார். போலீசைக் கூட்டிப் போனால் குடி ஆட்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள், ஆள் கிடைக்கமாட்டான், ராவுத்தர் வாய் கொடுத்தால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும் என்று ஆமீன்தான் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். நம் வழக்கங்களை நமக்கெதிராகத் திருப்புகிறவன் எப்போதும் நம்மோடு டீ குடித்தவனாகத்தான் இருப்பான். நம் கடை நிற்கிற இடம் அந்த முதலாளிக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியும். அவர் என்னை மிரட்டவில்லை. சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வியாபாரம் பரவாயில்லையா ராவுத்தர்?" என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது எனக்கு.

குடியில் கூட்டம் கூடியபோது மழை விட்டு வெயில் அடித்தது. தலைப்பாகைகளோடு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பின்னால், முதுகில் துணியில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு. கண்ணன் எனக்கு நேர் எதிரே இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், உனக்கு உடம்பு தேவலையா என்று சைகையில் கேட்டான். நான் தீர்ப்பைச் சொன்னேன். மூப்பர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"எங்க ஆளைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"அவன் காதுல விழுந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் கண்ணன் எழுந்துவிட்டான். "எனக்கு ஒரு சேதியும் வரலையே" என்றான். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகச் சொன்னான். மூப்பர் என் பக்கம் திரும்பினார். "ராவுத்தரே, அவன் வரலைங்கிறான். நீ என்ன சொல்ற?"

"கதவுல ஒட்டினாங்க. நான் பாத்தனுங்க" என்றேன். நான் எதிர்பார்த்தது சண்டை. கண்ணன் பொய் என்று கத்துவான், நாலுபேர் அவனோடு சேர்வார்கள், தீர்ப்பைத் திருப்பி அனுப்புவார்கள், நான் தப்பித்துவிடுவேன் என்றுகூட உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. கண்ணன் என் முகத்தைப் பார்த்து, "அப்பன்னா மழையில நனைஞ்சு போயிருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினான். மூன்றாவது கேள்விக்கு, கூப்பிட்டும் வராதவனை எப்படிக் கேட்பது என்றேன். நாலாவதுக்கும் ஆமாம் சொன்னேன். மூப்பர் எழுந்து, இனி இது நம் தீர்ப்பு என்றார். ஏலம் பூத்திருந்த சமயம். கண்ணனின் மனைவி மட்டும், "ஒரு பறிப்புப் பறிச்சுட்டுப் போறோமே" என்று கேட்டாள். மூப்பர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அன்று பகலிலேயே இரண்டு கூடையோடும் ஒரு கைக்குழந்தையோடும் அந்தக் காட்டைவிட்டு இறங்கினார்கள். எனக்கு முன்னால்தான் நடந்தார்கள், ஏனென்றால் வழி ஒன்றுதான். மெட்டு வரைக்கும் கண்ணன் என்னோடு பேசிக்கொண்டே வந்தான். வழுக்குகிற இடத்தில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அன்றிலிருந்து எனக்குப் பயம்தான் சாப்பாடு. அவன் எஸ்டேட்டில் கூலிக்குச் சேர்ந்து லயத்து வரிசை வீட்டில் தங்கினான், புகையிலைக்கு நம் கடைக்குத்தான் வருவான். அவன் நிழல் வாசலில் விழுந்தாலே தராசைத் துடைக்கக் குனிந்துகொள்வேன். இன்றைக்குக் கேட்டுவிடுவானோ, இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று. அவன் ஒருநாளும் கேட்கவில்லை. நீ வக்கீலானபோது ஒரு குடுவைத் தேன் கொண்டுவந்தானே, மூன்று மாதம் வைத்துச் சாப்பிட்டாயே. அந்தத் தேனை நான் தொடவில்லை. சர்க்கரை வியாதி என்று உன்னிடம் சொன்னேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

அவனை உன்னிடம் அனுப்பியது நான்தான். எல்லைக் கல் தப்பாக இருக்கிறதாமே, என் மகன் வக்கீல், போய்ப் பார் என்று. நல்ல காரியம் செய்ததாக நினைக்காதே, அதுவும் கோழைத்தனம்தான். மேல்கோர்ட் பழைய தீர்ப்பை அடித்துவிட்டால் என் பொய்யும் அதோடு போய்விடும், நான் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் அவர்களோடு பழகியவன் போட்ட தப்புக் கணக்கு. கீழ்க்கோர்ட் கொடுத்ததை மேல்கோர்ட் அடிக்கலாம். என் வாய் கோர்ட்டில் கொடுத்ததல்லவே. அதைக் குடி தன் தீர்ப்பாக வாங்கிக்கொண்டது. குடியைப் பொறுத்தவரை கண்ணன் கூப்பிட்டும் போகாதவன், இன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பெயரோடு அந்தக் காட்டில் கால் வைத்தால் அவன் தன் ஆட்களின் தீர்ப்பை மீறியவனாகிவிடுவான், நாளைக்கு அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்க எந்தக் குடியிலும் ஆள் இருக்காது. அதனால்தான் ஜெயித்தும் வெளியே நிற்கிறான். நீ போலீசோடு போனால் அவனை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தலாம். ஜீப் இறங்கினதும் அவன் பின்னாலேயே இறங்கி வந்துவிடுவான். போகாதே. அத்தா உன்னை இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை, இதற்குக் கெஞ்சுகிறேன்.

இன்னொன்று. பழைய கேஸ் கட்டில் சம்மன் சார்வான, அதாவது ஆளிடம் சேர்ந்ததாக எழுதிய தாள் இருக்கும். அதில் சாட்சி என்று போட்ட இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அப்பீலுக்காக அந்தக் கட்டை நீ புரட்டியிருப்பாய். சார்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எல்லைக் கல்லை மட்டும் வைத்து வாதாடி ஜெயித்திருக்கிறாய். ஒன்று, அந்தத் தாளை நீ திருப்பவில்லை. அல்லது திருப்பிப் பார்த்து, அத்தாவின் கையெழுத்தைத் தெரிந்துகொண்டு, மறுபடி மூடிவிட்டாய். எது நடந்தது என்று தெரியாமல் நேற்றிலிருந்து தவிக்கிறேன். திருப்பவில்லை என்றால், மகனே, இனி எந்தக் கட்டை எடுத்தாலும் முதலில் அந்தத் தாளைத் திருப்பு. கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் சட்டத்தைப் பார். குடியில் இரண்டாவதாகக் கேட்கிற கேள்விக்குத்தான் மனிதர்கள் அதிகம் பொய் சொல்கிறார்கள். திருப்பிப் பார்த்து மூடியிருந்தால், நான் தேயிலைப் பெட்டிக்கு அடியில் செய்ததை நீ கேஸ் கட்டுக்குள் செய்திருக்கிறாய், அவ்வளவுதான் சொல்வேன். உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அது உனக்கு வேண்டாம்.

கொடுத்த வாயைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வேறு மலையில் நடந்த ஒரு கல்யாணத் தகராறில் தப்பாக வாய் கொடுத்த கிழவர் ஒருவர், அதே இடத்தில், அதே நாலு கேள்விக்கும் மறுபடி பதில் சொன்னார், இந்த முறை உண்மையாக. அடிக்கவில்லை, தண்டம் போடவில்லை. ஆனால் தனியாக வந்தால் அந்தப் பேச்சைக் கேட்கமாட்டார்கள். தான் பெற்ற பிள்ளைகளில் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு மூப்பர் அந்தப் பிள்ளையைக் கேட்பார், "இவன் உன் அப்பனா? இவன் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?" என்று. அந்தக் கிழவரின் மகள் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கிழவர் சாகும்வரை எந்தக் குடியிலும் வாய் கொடுக்கவில்லை, அவர் வாய்க்கு அங்கே மதிப்பில்லை. மகளின் வாயை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாலோ, பேசாமல் நின்றுவிட்டாலோ, பழைய வாய் அப்படியே நிற்கும், இனி யாராலும் அதை எடுக்க முடியாது.

இப்போது புரிகிறதா, நான் எதற்காக ஏழு வருஷம் ஒளிந்தேன் என்று? ஜெயிலுக்குப் பயந்தது நிஜம்தான், முதல் ஒரு வருஷம். அப்புறம் பயந்ததெல்லாம் உனக்கு. எனக்கு நீ ஒரே பிள்ளை. உன்னைத் தவிர யாரைக் கூட்டிப்போவேன்? ஊரெல்லாம் ஜட்ஜுக்கும் மேல் என்று நீ பெருமை பேசிய அத்தா, உன் முன்னால் நின்று அந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே முதல்முறையாகக் கேட்டால் நீ எப்படித் தாங்குவாய் என்றுதான் இந்தக் கடிதம். உனக்கும் இதில் ஆபத்து இருக்கிறது, மறைக்கமாட்டேன். குடியில் நான் சொன்னது ஒரு வாரத்தில் எஸ்டேட் முதலாளி காதுக்குப் போகும். என்மேல் கேஸ் வரலாம், கடை போகலாம், பொய்ச் சாட்சி ராவுத்தரின் மகன் என்று உன்னைக் கோர்ட் வராந்தாவில் பேசுவார்கள். எல்லாவற்றையும் யோசித்துக்கொள்.

வருகிற சனிக்கிழமை நான் மலை ஏறுகிறேன். முதல் பஸ்ஸில் வந்தால் மெட்டில் இறங்கிக்கொள், சேர்ந்து போகலாம். கறுப்புக் கோட்டு வேண்டாம், ஆமீன் வேண்டாம், போலீஸ் வேண்டாம். மேல்கோர்ட் உத்தரவை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வா. நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு உன் வாய் அங்கே செல்லும். அந்தக் கோர்ட்டில் நின்று பார்த்தவன் நீ, உன் தீர்ப்பை நீயே சொல்லலாம், நாலு கேள்விக்கும் உன்னிடம் உண்மையான பதில் இருக்கிறது. கண்ணன் அன்றைக்கே அடுப்பு மூட்டலாம். பஸ் வந்து நீ இறங்கவில்லை என்றாலும் நான் ஏறுவேன். தனியாகப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள், தெரியும். இருந்தாலும் கண்ணனிடமாவது சொல்லிவிட்டு வருவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே போய் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அந்தச் சம்மன். குடியிலிருந்து நான் இறங்கிவந்த அன்றே அடுப்பில் போட்டு எரித்துவிடச் சொல்லியிருந்தேன், எரித்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். "எரிக்க மனசு வரலை. அதுல கண்ணன் பேரு எழுதியிருக்குல்ல" என்றாள். ஏழு வருஷமாக அவளும் என்னிடம் மறைத்திருக்கிறாள், பார். மடிப்புக்கூடக் கலையவில்லை. மை அப்படியே இருக்கிறது, முத்திரை அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு மழை அதன்மேல் பட்டதில்லை. சனிக்கிழமை அதைக் கண்ணன் கையில் கொடுக்கப்போகிறேன். அவன் தடவிப் பார்ப்பான், நனைந்திருக்கிறதா என்று. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் மூப்பர் உன் பக்கம் திரும்புவார். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ அவசரப்பட வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவர் உன் அத்தாவா என்று அவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள்.

மெட்டில் காத்திருக்கும்,
உன் அத்தா